கிறுகிறுப்பா? கண்ணைக் காட்டுங்கள்

மணிக்கணக்கில் விடாமல் தலை சுற்றுகிறது. குமட்டல், வாந்தி. எழுந்து நின்றால் ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. ஆனால் கை கால் நன்றாக அசைகின்றன, பேச்சு குழறவில்லை. வீட்டில் ‘பித்தம்’ என்று முடித்துவிடுவார்கள். மருத்துவருக்கு அவ்வளவு எளிதல்ல. இது உட்செவிச் சமநிலை நரம்பின் அழற்சியா, சிறுமூளையையோ மூளைத்தண்டையோ தாக்கிய பக்கவாதமா? முன்னது பெரும்பாலும் தானே தணியும். பின்னதில் சிறுமூளை வீங்கினால் உயிருக்கே ஆபத்து.

‘ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடுமே’ என்று தோன்றும். மூளையின் பின்பகுதியில் புதிதாக ஏற்பட்ட ரத்தக்குழாய் அடைப்பை சி.டி. ஸ்கேன் பெரும்பாலும் காட்டாது. எம்.ஆர்.ஐ. கூட முதல் இரண்டு நாட்களில் ஏமாற்றக்கூடும். படுக்கையருகிலேயே செய்யக்கூடிய மூன்று கண் சோதனைகள் கைகொடுப்பது அங்கேதான். மூன்றுக்கும் சேர்த்து ‘ஹின்ட்ஸ்’ என்று பெயர்.

முதல் சோதனையை 1988இல் சிட்னியைச் சேர்ந்த ஹால்மாகியும் கர்தாய்ஸும் விவரித்தார்கள். மருத்துவர் நோயாளியின் தலையை இரு கைகளாலும் பிடித்து, “என் மூக்கையே பாருங்க” என்று சொல்லி, சட்டென்று சிறிதளவு பக்கவாட்டில் திருப்புவார். சமநிலை நரம்பு பழுதாகியிருந்தால், அந்தப் பக்கம் திருப்பும்போது பார்வை மூக்கைவிட்டு நழுவி, மறுகணம் குதித்துத் திரும்பும். விநோதம் என்னவென்றால், கண் நழுவினால் மருத்துவருக்குப் பாதி நிம்மதி. கோளாறு காதுப் பக்கம் இருக்கலாம். இவ்வளவு சுற்றும்போதும் கண் நழுவாமல் நின்றால்தான் பக்கவாதத்தைச் சந்தேகிக்க வேண்டும். சோதனை ‘நார்மல்’ என்றால் கவலைப்பட வேண்டிய அரிய இடம் இது.

இரண்டாவது, கருவிழியின் துடிப்பு. காதுக் கோளாறு என்றால் எந்தப் பக்கம் பார்த்தாலும் துடிப்பு ஒரே திசையில்தான் இருக்கும். வலப்பக்கம் பார்க்கையில் வலமாகவும், இடப்பக்கம் பார்க்கையில் இடமாகவும் துடித்தால் கோளாறு மூளையில். மூன்றாவதில் ஒரு கண்ணை மூடி, பிறகு மற்றதை மூடுவார்கள். மூடியிருந்த கண் திறந்ததும் மேலோ கீழோ நகர்ந்தால் அதுவும் மூளையையே காட்டும்.

கட்டா, நியூமன்-டோக்கர் உள்ளிட்ட அமெரிக்க மருத்துவர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில் 101 நோயாளிகள் இருந்தார்கள். பக்கவாதம் வந்த எவரையும் இந்த மூன்று சோதனைகளும் தவறவிடவில்லை. பக்கவாதம் இல்லாதவர்களை 96 சதவீதம் சரியாகப் பிரித்தன. முதல் எம்.ஆர்.ஐ.யோ பக்கவாதம் வந்தவர்களில் 12 சதவீதம் பேரைக் கோட்டைவிட்டது.

இதை வைத்து ஸ்கேனை ஓரங்கட்டலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அங்கே சோதித்தவர்கள் இதிலேயே ஊறியவர்கள். பழகாத கையில் இதே சோதனை தவறான நிம்மதியைத் தரும். கழுத்தில் அடிபட்டவரின் தலையை வெடுக்கென்று திருப்பவும் கூடாது. விடாமல் சுற்றிக்கொண்டிருப்பவருக்கு மட்டுமே இது பொருந்தும். சுற்றல் நின்றுவிட்டவருக்கு முதல் சோதனை நார்மலாக வருவதில் வியப்பில்லை. படுக்கையில் புரளும்போது மட்டும் சில நொடிகள் சுற்றுகிறதா? அது வேறு கதை. உட்செவியில் இடம் பெயர்ந்த நுண்படிகங்களின் வேலை. அதற்கு 1952இல் டிக்ஸும் ஹால்பைக்கும் விவரித்த, தலையைச் சாய்த்துப் படுக்கவைத்துக் கண்ணைப் பார்க்கும் சோதனை இருக்கிறது.

இப்போது மருத்துவர்கள் நான்காவதாக ஒன்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். காதருகே விரல்களைத் தேய்த்துச் சத்தம் கேட்கிறதா என்று விசாரிப்பார்கள். சுற்றலோடு ஒரு காது திடீரென்று மந்தமானால், ‘அப்போ காதுதான்’ என்று முடிவுகட்டத் தோன்றும். ஆனால் உட்செவிக்கு ரத்தம் கொடுக்கும் தமனி, சிறுமூளையின் ஒரு பகுதிக்கும் ரத்தம் கொடுக்கும் தமனியிலிருந்தே பெரும்பாலும் கிளைக்கிறது. அது அடைத்தால் காதும் மூளையும் ஒன்றாகவே பாதிக்கப்படும்.