கேபிள் பொருந்தினால் போதுமா?

பழைய கம்ப்யூட்டரைப் பிரித்தால் கிடைக்கும் பட்டைக் கேபிள்களைத் தூக்கிப் போட யாருக்கும் மனம் வராது. நானும் அப்படித்தான் சேர்த்து வைத்திருந்தேன். அவற்றில் ஒன்று, நண்பரிடம் இரவல் வாங்கிய ராஸ்பெர்ரி பை போர்டுக்கு எமனாக வந்தது.

கையளவே உள்ள இந்தக் குட்டிக் கம்ப்யூட்டர் போர்டில், 2014-இல் வந்த பி பிளஸ் மாடல் முதல், இரண்டு வரிசையாக 40 பின்கள் உள்ளன. பழைய ஹார்ட் டிஸ்க்குகளை இணைத்த ஐடிஇ கேபிளிலும் 40 துளைகள். இடைவெளியும் அதே 2.54 மி.மீ.தான். பின்களை நீட்டிக்க இதைவிட நல்ல கேபிள் ஏது என்று நினைத்தேன். 20-ஆம் துளை மட்டும் அடைபட்டிருந்தது. ஊசியைச் சூடாக்கித் துளைத்துச் செருகினேன். மின்சாரம் கொடுத்தேன். விளக்கு எரியவில்லை! உடனே பிடுங்கிவிட்டேன்.

என்ன நடந்தது?

மின்சாரம் திரும்பிச் செல்லும் வழியைத்தான் கிரவுண்ட் என்கிறோம். ஐடிஇ முறையில் 2, 19, 22, 24, 26, 30, 40 ஆகிய பின்கள் கிரவுண்ட். டிஸ்க்குகளின் வேகம் கூடியபோது, தகவல் கம்பிகள் ஒன்றையொன்று பாதிக்காமல் இருக்க இடையிடையே கிரவுண்ட் கம்பி சேர்த்து 80 கம்பிக் கேபிள் செய்தார்கள். இதில் கிரவுண்ட் பின்கள் அனைத்தும் கனெக்டருக்குள்ளேயே ஒன்றாக இணைந்திருக்கும். ராஸ்பெர்ரி பையிலோ 2-ஆம் பின் 5 வோல்ட், 30-ஆம் பின் கிரவுண்ட். என் கேபிள் இரண்டையும் சேர்த்துவிட்டது. ஷார்ட் சர்க்யூட்!

தவறாகச் செருகாமல் தடுக்கத்தான் அந்த ஒரு துளையை அடைத்திருந்தார்கள். அந்தக் காவலையே நான் துளைத்திருக்கிறேன். போர்டில் தானாகவே மீளும் ஃபியூஸ் இருந்ததால் மறுநாள் அது பிழைத்துக்கொண்டது.

44 பின் என்றால் கூடுதல் கவனம்

பழைய லேப்டாப்களின் 2.5 அங்குல ஐடிஇ டிஸ்க்கிலும், அதை ஏற்கும் சிறிய போர்டுகளிலும் 44 பின்கள் இருக்கும். இடைவெளி 2 மி.மீ. முதல் 40 பின்களின் வேலையில் மாற்றமில்லை. அதோடு 41, 42 ஆகியவை 5 வோல்ட், 43 கிரவுண்ட்.

பெரிய டிஸ்க்குக்கு மின்சாரம் தனிக் கேபிளில் போகிறது. அதனால் 40 பின் கேபிளைத் தலைகீழாகச் செருகினால் பெரும்பாலும் டிஸ்க் தெரியாமல் போவதோடு சரி. 44 பின் கேபிளைத் தலைகீழாகச் செருகினால் 5 வோல்ட் நேராக 3, 4 ஆகிய தகவல் பின்களில் ஏறும். டிஸ்க்கும் அதிலுள்ள குடும்பப் படங்களும் போய்விடலாம்.

செருகும் முன்

1. போர்டின் கையேட்டில் பின் அட்டவணையைப் பாருங்கள். உருவம் ஒன்றாக இருப்பதை நம்பாதீர்கள்.

2. 1-ஆம் பின் எது என்று கண்டுபிடியுங்கள். போர்டில் அதன் அருகே '1' அல்லது சிறு முக்கோணம் இருக்கும். பட்டைக் கேபிளில் பெரும்பாலும் சிவப்புக் கோடு உள்ள ஓரம்.

3. கேபிளைத் தனியே வைத்து, 5 வோல்ட் வரவேண்டிய துளைக்கும் கிரவுண்ட் துளைக்கும் இடையே மல்டிமீட்டரால் சோதியுங்கள். 'பீப்' ஒலித்தால் செருகாதீர்கள்.

4. அடைத்த துளையில் கை வைக்காதீர்கள்!

அந்தக் கேபிளை இன்னும் நான் தூக்கிப் போடவில்லை. '80 கம்பி, ராஸ்பெர்ரிக்கு ஆகாது' என்று சீட்டு ஒட்டி வைத்திருக்கிறேன்.