மழை ஊரிலிருந்து மணல் நகரத்துக்கு!

சேரங்கோட்டில் நான் பஸ் ஏறியபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. அது ஜூலை மாதம். பந்தலூரை அடுத்த எங்கள் மலை ஊரில் ஜூன் பிறந்தால் துணி காயாது, விறகு எரியாது. நாடுகாணி மலைப்பாதையில் இறங்கி, கோழிக்கோட்டில் விமானம் ஏறினேன். மறுநாள் விடியுமுன் துபாய்!

நிலையத்தை விட்டு வெளியே கால் வைத்ததும் மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது. அப்படி ஒரு புழுக்கம்! கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் எதிரே தம்பி நிற்கிறான். அங்கே கட்டிட வேலை பார்க்கிறான். அவனைக் காணத்தான் இந்தப் பயணம்.

ரெயிலில் ஏறினோம். டிரைவர் எங்கே என்று எட்டிப் பார்த்தேன். டிரைவரே கிடையாது! 2009 முதல் இந்த ரெயில் தானாகவே ஓடுகிறது. "அண்ணே, அதோ பாருங்க!" என்றான் தம்பி. புர்ஜ் கலிபா. உலகிலேயே உயரமான கட்டிடம். 828 மீட்டர் உயரம்; 160-க்கு மேல் மாடிகள். 2010-ல் திறந்தார்கள். உச்சியைத் தேடிக் கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

ஆனால் என்னைத் திகைக்க வைத்தது கோபுரம் அல்ல. அதன் அடியில் இருந்த பச்சைப் புல்!

கடலைக் குடிக்கும் ஊர்

துபாயில் ஓர் ஆண்டு பெய்யும் மழை சராசரியாக 10 சென்டிமீட்டர்கூட இல்லை. எங்கள் பக்கத்தில் சில நாள் ஒரே நாளில் அவ்வளவு கொட்டிவிடும். அங்கே ஆறும் இல்லை. பிறகு தண்ணீர் ஏது?

கடல்தான்! சோற்றுப் பானையின் மூடியைத் தூக்கினால் அடியில் நீர் முத்து முத்தாக நிற்கிறதல்லவா? அதில் உப்பு இருக்காது. ஜெபல் அலியில் மின்சார நிலையத்தின் வெப்பத்தைக் கொண்டு கடல் நீரை ஆவியாக்கி, குளிர வைத்து, இப்படித்தான் நல்ல நீராக்குகிறார்கள். மிக நுண்ணிய சவ்வின் வழியே கடல் நீரை அழுத்தி உப்பைப் பிரிக்கும் புது முறையும் வந்துவிட்டது. புர்ஜ் கலிபாவில் குளிர்சாதனம் சொட்டும் நீரைக்கூட வீணாக்காமல் செடிகளுக்கு விடுகிறார்கள்.

ஒரு காலத்தில் துபாய் முத்துக் குளிப்போர் ஊர். 1966-ல்தான் எண்ணெய் கிடைத்தது. அந்த ஆண்டு வரை அங்கே செல்லுபடியானது நம் ரூபாய்தான் என்றால் நம்புவீர்களா?

இரண்டாவது கடல்

தம்பியின் அறையில் இரண்டடுக்குக் கட்டில்கள். கோடையில் பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று அங்கே சட்டம் இருக்கிறது. "மூணு மணி வெயில் மட்டும் என்ன நிலாவா?" என்று அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் தாத்தாவும் பிழைக்கக் கடல் தாண்டியவர். 1964-ல் ஏற்பட்ட சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து கப்பலில் வந்து, அரசு தேயிலைத் தோட்டத்தில் குடியேறினார். தாயகம் திரும்பியவர்களுக்காக 1968 முதல் போடப்பட்ட தோட்டங்கள் அவை. இப்போது பேரன் இன்னொரு கடலைத் தாண்டியிருக்கிறான்.

அன்று மாலை அம்மாவிடமிருந்து போன் வந்தது.

"அங்க தண்ணி வசதி எப்படிப்பா?"

"இருபத்து நாலு மணி நேரமும் குழாயில வருதும்மா."

அம்மா சற்று நேரம் பேசவில்லை. இத்தனை மழை பெய்யும் ஊரில், மாசி பங்குனியில் எங்கள் லைன் வீட்டுக் குழாயடியில் குடங்கள் வரிசை கட்டி நிற்கும். வரிசையில் இடம்பிடிக்க விடியுமுன் எழுந்து போகிறவள் அவள்.

பிறகு, "தம்பிகிட்ட குடு" என்றாள். கொடுத்தேன்.

அவன் பேசவே இல்லை. போனைக் காதோடு சேர்த்துப் பிடித்தபடி நின்றான். என்னடா என்றேன்.

"சும்மா இருங்கண்ணே. கூரையில மழை பெய்யிற சத்தம் கேக்குது" என்றான்.