தவணை தவறினால் சிறை

மடவளை பஸாரில் நிற்கும் எந்த முச்சக்கர வண்டியின் முன்கண்ணாடியையும் பாருங்கள். வருமான அனுமதிப்பத்திரம் ஒட்டியிருக்கும், காலாவதியாகும் திகதியும் அதிலேயே இருக்கும். சாரதி நாள் முழுவதும் அதற்குப் பக்கத்தால்தான் வீதியைப் பார்க்கிறார். மறிக்கும் பொலிஸ்காரரின் கண்ணும் முதலில் அங்கேதான் போகிறது. ஞாபகத்துக்கு இதைவிட நல்ல துணை கிடையாது.

பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டில் இருப்பவருக்கு அப்படியொரு கண்ணாடி இல்லை. பிரித்தானியாவின் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் 3 நாட்களுக்குள் பொலிஸ் நிலையம் சென்று தன் விபரங்களைப் பதிய வேண்டும். வீடு மாறினால் மறுபடியும் 3 நாள். எதுவுமே மாறாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு தடவை போக வேண்டும். நிலையான முகவரி இல்லாதவர் வாரத்துக்கு ஒரு தடவை. தவறினால் 5 ஆண்டுகள் வரை சிறை. அமெரிக்காவின் 2006ஆம் ஆண்டுச் சட்டம் குற்றவாளிகளை மூன்று தரமாகப் பிரிக்கிறது. கடுமையான தரத்தில் உள்ளவர் 3 மாதத்துக்கு ஒருமுறை, ஆயுள் முழுவதும், நேரில் போக வேண்டும். 30 வயதில் ஏட்டில் ஏறியவர் 70 வரை வாழ்ந்தால் 160 தடவை. ஒன்றைத் தவறவிட்டாலும் அது புதுக் குற்றம்.

இவர்கள் மேல் யாருக்கும் இரக்கம் வராது, வரவேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. என் கேள்வி வேறு: இந்த ஏடு ஆபத்தை அளக்கிறதா, ஞாபகத்தை அளக்கிறதா?

நடந்ததை நினைவுகூர்வது ஒரு திறன். செய்யவேண்டியதை உரிய வேளையில் நினைத்துக்கொள்வது இன்னொன்று. ஐன்ஸ்டைன், மக்டானியல் என்ற இரு உளவியலாளர்கள் (பௌதிகவியல் ஐன்ஸ்டைன் அல்லர்) 1990இல் இந்த இரண்டாவது திறனை மேலும் இரண்டாகப் பிரித்துக் காட்டினார்கள். "தம்பியைக் கண்டதும் காசைக் கொடு" என்பது ஒரு வகை: தம்பியின் முகமே நினைவூட்டிவிடும். "மூன்று மாதம் கழித்துப் போ" என்பது மற்றது. அதைத் தட்டியெழுப்ப வெளியில் எதுவும் இல்லை, மூளை தானாகவே விழித்துக்கொள்ள வேண்டும். வயதானால் அதிகம் வழுக்குவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். கலிபோர்னியா வருடாந்தப் பதிவைப் பிறந்தநாளை ஒட்டிய 5 வேலை நாட்களுக்குள் வைத்திருப்பதை நான் நல்ல யோசனை என்பேன். பிறந்தநாளை மறப்பவர் குறைவு.

வராதவர் எல்லாம் ஒளிந்து திரிபவர் என்று நினைப்பது இயல்பு. நியூயோர்க் நகரில் சிறு குற்றங்களுக்கான நீதிமன்ற அழைப்பாணையை வைத்து நடந்த ஆய்வொன்று 2020இல் சயன்ஸ் இதழில் வந்தது. ஆய்வாளர்கள் படிவத்தை மாற்றினார்கள்: போகவேண்டிய நாளும் இடமும் உச்சியில், வராவிட்டால் என்ன நடக்கும் என்பது தெளிவாக. தண்டனையை யாரும் கூட்டவில்லை. வராதோர் தொகை 13 சதவீதம் குறைந்தது. தவணைக்கு 7, 3, 1 நாட்களுக்கு முன் கைத்தொலைபேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பியபோது சராசரியாக 21 சதவீதம் குறைந்தது. வேண்டுமென்றே ஓடியவரைக் குறுஞ்செய்தி திருப்பிக் கொண்டுவராது. ஆகவே அவர்களில் கணிசமானோர் வெறுமனே மறந்தவர்கள்.

தென் கரோலினாவில் ஏட்டிலிருந்த ஏறத்தாழ 3,000 பேரை வைத்து 2010இல் வெளியான ஆய்வு இன்னும் நேராகக் கேட்டது: பதியத் தவறியவர் மீண்டும் பாலியல் குற்றம் செய்யும் வாய்ப்பு கூடுதலா? சொல்லத்தக்க வேறுபாடு எதுவும் தெரியவில்லை. அப்படியானால் தவணை தவறியவரைத் தேடி அலையும் பொலிஸ்காரரின் நேரம் எந்தப் பிள்ளையைக் காக்கிறது?

சட்டத்துக்கும் இந்தச் சிக்கல் பழையது. தண்டனை பெற்றவர்கள் 5 நாட்களுக்குள் பதிய வேண்டும் என்று லொஸ் ஏஞ்சல்ஸ் நகரம் விதித்திருந்தது. அப்படியொரு விதி இருப்பதே தெரியாத ஒரு பெண் குற்றவாளியாக்கப்பட்டார். 1957இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், லாம்பர்ட் வழக்கில், ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் அந்தத் தீர்ப்பை நீக்கியது. கடமை இருப்பதை அறிய வாய்ப்பே இல்லாதவரைத் தண்டிக்க முடியாது என்றது.

இலங்கையில் நமக்குப் பழக்கமான ஏடு வேறு. பொலிஸ் செய்திகளில் வரும் 'ஐ.ஆர்.சி.' என்ற மூன்றெழுத்து 1926ஆம் ஆண்டுக் குற்றத் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் வழிவந்தது. மீண்டும் மீண்டும் தண்டனை பெற்றோரைக் கைரேகையோடு பதியும் ஏற்பாடு அது. இந்தியா 2018 செப்டம்பரில் தொடங்கிய தேசியப் பாலியல் குற்றவாளிகள் தரவுத்தளத்தில் ஆரம்பத்திலேயே 4.4 இலட்சம் பதிவுகள் இருந்தன. அதைப் பார்ப்பதும் நிரப்புவதும் பொலிசாரே.

பிரித்தானியா போல இங்கும் ஓர் ஏடு வேண்டும் என்று கேட்பவர்கள் முதலில் கடிதத்தைப் பற்றி யோசிக்கட்டும். மடவளையில் தமிழ் மட்டும் வாசிப்பவர் வீட்டுக்குச் சிங்களத்தில் மட்டும் வரும் அறிவித்தல், இடம்மாறிய பின் பழைய முகவரிக்கே போகும் தபால், "இன்றைக்கு அந்த ஐயா லீவு, நாளைக்கு வாங்க" என்ற பதில்: இவற்றில் தவறு யாருடையது? கடைசி நாளன்று திருப்பி அனுப்பப்பட்டவர் தான் வந்ததை எதைக் காட்டி நிரூபிப்பார்? பிரித்தானியச் சட்டத்தின் 87ஆம் பிரிவில் இதற்கு ஒரு சின்ன வரி உண்டு. பதிய வந்தவருக்குப் பொலிஸ் எழுத்தில் ஒப்புகை கொடுக்க வேண்டும். வந்தும் பதியாமல் திரும்பியவருக்கு என்ன கொடுப்பது என்பதை நாம் எழுதும் சட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.