பழைய தடம், புதிய அளவு

ஒரத்தநாடு பக்கம் வரப்புத் தகராறு என்று வந்துவிட்டால், பழைய புலப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு சர்வேயர் மறுபடி அளக்கிறார். அந்தக் காலத்து சர்வேயருக்கு மரியாதை செய்வதற்காக யாரும் சங்கிலி பிடிப்பதில்லை. அவர் போட்ட அளவு இன்றும் நிற்கிறதா என்று பார்க்கத்தான் பிடிக்கிறார்கள். வடதுருவத்துப் பழைய பயணங்களை இன்று மறுபடி போய்ப் பார்க்கிறவர்களையும் இந்தக் கண்ணோடு பார்ப்பதே சரி. மரச் சறுக்குவண்டி, நாய்க்கூட்டம், கூடவே ஒரு கேமரா என்று கிளம்புவதில் எது வேடிக்கை, எது அறிவு என்று பிரிக்க ஒரு கேள்வி போதும்: முன்னே போனவர் சொன்னது தவறு என்று காட்டக்கூடிய ஏதாவது இவர் கையில் இருந்ததா?

பூமி துருவங்களில் தட்டையா, நீண்டதா என்ற சண்டையைத் தீர்க்கப் பிரான்சின் அறிவியல் கழகம் 1736-இல் மோபெர்டுயி தலைமையில் ஒரு குழுவை லாப்லாந்துக்கு அனுப்பியது. டோர்னியோ ஊர் மாதாகோயில் கோபுரத்திலிருந்து வடக்கே ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டி ஒரு குன்று வரை முக்கோணங்கள் போட்டார்கள். டிசம்பரில், உறைந்து கிடந்த டோர்ன் ஆற்றின் மேலேயே அடிக்கோட்டை அளந்தார்கள். துருவங்களில் தட்டை என்று சொன்ன நியூட்டன் பக்கமே விடை வந்தது. மோபெர்டுயி பாரிசில் பெரிய மனிதரானார். சுமார் 65 ஆண்டுகள் கழித்து, 1801 முதல் 1803 வரை, ஸ்வீடனின் ஸ்வான்பெர்க் அதே பள்ளத்தாக்கில் அளந்தார். பூமி துருவங்களில் தட்டை என்ற முடிவு நின்றது. ஆனால் ஒரு பாகையின் நீளத்தில் மோபெர்டுயி 400 மீட்டருக்கும் மேல் அதிகம் காட்டியிருந்தார். இரண்டாவது பயணம் இல்லாவிட்டால், சரியான முடிவோடு தவறான எண்ணும் புத்தகங்களில் சேர்ந்தே ஓடியிருக்கும்.

இது எங்கோ நடந்த கதை அல்ல. அதே ஆண்டுகளில், அதே கேள்வியோடு, ஆங்கிலேய சர்வேயர் வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு போட்டார். தெற்கே ஒரு பாகை எவ்வளவு என்று தெரிந்தால்தான் லாப்லாந்து எண்ணோடு ஒப்பிட முடியும். மலைநாட்டில் குன்றுக்குக் குன்று பார்த்துக் கோணம் எடுக்கலாம். காவிரிப் படுகையில் அது நடக்காது. ஒரத்தநாடு வயல்வெளியில் நின்றால் நாலு பக்கமும் சமதரை. கொஞ்சம் தள்ளித் தென்னந்தோப்பு பார்வையை அடைத்துவிடும். ஆகவே அவர் கோயில் கோபுரங்களைக் குன்றுகளாக்கிக்கொண்டார். 1808-இல் கோணம் அளக்கும் அரை டன் எடையுள்ள தியோடலைட்டைத் தஞ்சைப் பெரிய கோயிலில் மேலே ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதியது. கோணம் குறித்த மூன்றடி உலோக வட்டமே வளைந்துவிட்டது. இங்கிலாந்திலிருந்து வேறொன்று வர மாதக்கணக்கில் ஆகும். லாம்டன் ஆறு வாரம் உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தும் தட்டியும் அதைப் பழைய வட்டத்துக்குக் கொண்டுவந்தார். அந்தப் பொறுமையைப் பாராட்டாமல் இருக்க முடியாது. வளைந்து நிமிர்ந்த வட்டத்தை அப்படியே நம்பிவிடவும் முடியாது. அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட் லாம்டனை மதித்தார். மதித்துக்கொண்டே அவர் வேலையில் ஒரு பகுதியைத் திரும்பச் செய்தார். பீதர் அருகே லாம்டன் போட்ட அடிக்கோட்டை 1841-இல் எவரெஸ்டின் கீழ் வேலை செய்த ஆண்ட்ரூ வா புதிய கருவியால் மறுபடி அளந்தார்.

இப்போது துருவத்துக்கு வருவோம். ராபர்ட் பீரி 1909 ஏப்ரலில் மாத்யூ ஹென்சனோடும் நான்கு இனுவிட்களோடும் வடதுருவத்தைத் தொட்டதாகச் சொன்னார். 37 நாளில் போயிருக்க முடியாது என்று பலர் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2005-இல் பிரிட்டனின் டாம் அவேரி, பீரியுடையதைப் போன்ற மரவண்டிகளோடும் நாய்களோடும் அவர் கிளம்பிய கரையிலிருந்தே கிளம்பி, அவர் சொன்ன நாள் கணக்கைவிடச் சில மணி நேரம் முந்தியே துருவத்தைத் தொட்டார். பீரி சொன்னது உண்மை என்று அவர் அறிவித்தார். ஒருவர் போக முடிந்தது என்பதால் இன்னொருவர் போனார் என்று ஆகிவிடாதே! மேலும் பீரி கடைசி ஐந்து நடைகளில் 135 கடல் மைல் கடந்ததாகச் சொன்னார். அவேரி குழுவின் மிக வேகமான ஐந்து நாளில் 90 தான். திரும்பும்போதோ அவர்கள் விமானத்தில் வந்தார்கள். பீரிக்குச் சாட்சி சொல்லப் போன பயணம் எதிர்த்தரப்புக்கே நல்ல ஆதாரத்தைக் கொடுத்தது. அதனாலேயே அது வீண் இல்லை என்பேன்.

செயற்கைக்கோள் எல்லாவற்றையும் அளந்துவிடும் காலத்தில் இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். செயற்கைக்கோள் இன்றைய பனியைக் காட்டும்; 1893-இன் பனியைக் காட்டாது. அந்த ஆண்டு நார்வேயின் நான்சென் தன் ஃபிராம் கப்பலை வேண்டுமென்றே பனியில் சிக்கவிட்டு, ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் பனி இழுத்த பக்கம் போகவிட்டார். குளிர், ஆழம், பனியின் தடிமன் எல்லாம் நோட்டில் ஏறின. 2019 அக்டோபரில் ஜெர்மனியின் போலார்ஸ்டெர்ன் கப்பல் அதே முறையில் பனியோடு மிதந்தது. அது கட்டப்பட்டிருந்த பனித்திட்டு 2020 ஜூலை இறுதியில், பத்தே மாதத்தில், கிரீன்லாந்துக்கு அப்பால் உடைந்து போனது. இரண்டு கப்பலும் ஒரே இடத்தில் தொடங்கவில்லை என்பது உண்மைதான். அப்படியும், இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் அளவுக்குப் பழையவர் ஒழுங்காக எழுதியிருந்தார். எழுதாமல் போனவர்களின் தடத்தில் நடந்தால் கால்தான் வலிக்கும்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. லாம்டனின் கருவி கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்குப் பயன்பட்டது. அவர் தடத்தைத் தேடிப் போவது அந்த ஆட்சிக்கே மாலை போடுவதாகாதா? கருவியை மட்டும் தேடினால் ஆகத்தான் செய்யும். ஆனால் விடுபட்டவர்கள் கணக்கில் ஏறுவதும் இரண்டாம் பயணத்தில்தான். 1845-இல் பிரிட்டனிலிருந்து எரிபஸ், டெரர் என்ற இரண்டு கப்பல்களில் ஆர்க்டிக்குக்குக் கிளம்பி 129 பேரோடு காணாமல் போன ஃபிராங்ளின் குழுவின் கதியை இனுவிட் மக்கள் சொல்ல, ஜான் ரே 1854-இல் எழுதி அனுப்பினார். லண்டனில் பலர் காட்டுவாசிப் பேச்சு என்று தள்ளினார்கள். எரிபஸ் கப்பல் 2014-இல் கிடைத்தது, இனுவிட்கள் தலைமுறையாகச் சொல்லி வந்த பகுதியில். டெரர் 2016-இல் கிடைத்ததும் ஓர் இனுவிட் சொன்ன தகவலால். நம் பக்கமும் இப்படி விடுபட்டவர்கள் உண்டு: தஞ்சைப் பெரிய கோயிலில் கயிறு பிடித்தவர்கள், கொடிக்காரர்கள், பார்வைக்கோட்டுக்காக மரம் வெட்டியவர்கள் யார்? லாம்டனின் கோபுர நிலையங்களை இன்று ஜிபிஎஸ்ஸால் மறுபடி அளக்க ஒரு கல்லூரி மாணவர் கிளம்பினால், கோபுரத்துக்குக் கோபுரம் பார்வைக்கோடு தேட வேண்டிய அவசியம்கூட அவருக்கு இல்லை. மிச்சமாகும் நேரத்தில் அந்த ஆட்களின் கூலிக் கணக்கைத் தேடலாம். கணக்கு எழுதாமல் காசு கொடுக்கிற கம்பெனி அது இல்லை.