உணவியல் நிபுணர் என்ன படித்தவர்?

உணவியல் நிபுணர் எழுதித் தரும் பட்டியலை வெறும் பத்தியமென்றே பலர் கருதுகின்றனர். அவர் பல்கலைக்கழகத்தில் உணவு வேதியியல், உயிர்வேதியியல், உடலியங்கியல் ஆகியவற்றைப் பயின்று, மருத்துவமனையில் பயிற்சியும் பெற்றவர்.

பொட்டாசியத்தைக் குறைக்க வேண்டிய சிறுநீரக நோயாளியிடம், காய்களைச் சிறு துண்டுகளாக நறுக்கி, மிகுந்த நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துவிடுமாறு அவர் கூறுவது அப்படிப்பின் பயனே. பொட்டாசியம் நீரில் கரையும். துண்டுகள் சிறியனவாயின் எளிதில் வெளியேறும். வடித்த நீரைக் கொட்ட மனமின்றி ரசத்தில் சேர்ப்போரும் உளர். நீக்கியது மீண்டும் இலைக்கே வந்துவிடும்!

'சோடியம் குறைந்த உப்பு' பலவற்றில் பொட்டாசியம் குளோரைடு கலந்துள்ளது. இரத்த அழுத்தத்திற்கு நல்லதென நம்பி இந்நோயாளிகள் அதை உண்டால், இரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்து இதயத்துடிப்பே பிறழக்கூடும். அடுத்த முறை வரும்போது வீட்டு உப்பின் உறையையும் எடுத்து வாருங்கள். இளநீர் அருந்துவதையும் மறைக்காமல் கூறுங்கள்.