குறுக்கே வந்தது எது?

ஆறாம் வகுப்புக் கணக்குத் தேர்வு. நீளம் 8 செ.மீ., அகலம் 5 செ.மீ. உள்ள செவ்வகத்தின் சுற்றளவையும் பரப்பளவையும் கேட்டிருந்தேன். ஒரு மாணவன் சுற்றளவு 40 செ.மீ. என்றும், பரப்பளவு 26 ச.செ.மீ. என்றும் எழுதியிருந்தான். "கவனமே இல்லை" என்று எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். அன்று மாலை அவனுடைய கணக்கு நோட்டைப் புரட்டியபோது மனம் உறுத்தியது. சுற்றளவு நடத்திய வாரத்தில் அவன் போட்ட கணக்குகள் எல்லாம் சரி. அடுத்த வாரம் நடத்திய பரப்பளவிலும் தவறில்லை. இரண்டையும் ஒரே தாளில் கேட்டபோதுதான் விடைகள் இடம் மாறியிருந்தன. அவன் எதையும் படிக்காமல் விடவில்லை. கற்ற ஒன்றின் குறுக்கே கற்ற இன்னொன்று வந்துவிட்டது.

இதைத்தான் குறுக்கீடு என்கிறோம். இயற்பியல், உளவியல், தகவல் தொடர்பு, அரசியல் ஆகிய நான்கு துறைகளிலும் இக்கருத்து உண்டு. நான்கிலும் பொருள் ஒன்றல்ல. எனினும், நான்கையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நம் வகுப்பறை கொஞ்சம் தெளிவாகத் தெரிகிறது.

அலைகள் சந்திக்கும்போது

அசையாத தொட்டி நீரில் சற்று இடைவெளி விட்டு இரண்டு கற்களை ஒரே நேரத்தில் போட்டால், இரண்டு வட்ட அலைகள் கிளம்பி ஒன்றையொன்று கடக்கும். முகடும் முகடும் சேரும் இடத்தில் நீர் கூடுதலாக உயரும். முகடும் அகடும் சேரும் இடத்தில் அடங்கிவிடும். முன்னது ஆக்கக் குறுக்கீடு, பின்னது அழிவுக் குறுக்கீடு. ஒளிக்கும் இது பொருந்தும் என்று தாமஸ் யங் 1801-இல் லண்டன் ராயல் கழகத்தில் விளக்கினார். சோப்புக் குமிழியிலும், மழை நாளில் சாலையில் படரும் எண்ணெய்ப் படலத்திலும் நாம் காணும் வண்ணங்கள் குறுக்கீட்டால் விளைபவையே.

இங்கே இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கவை. ஒன்று, கடந்து சென்ற பின் இரண்டு அலைகளும் பழையபடியே பயணத்தைத் தொடர்கின்றன. இருள் பட்டையில் ஒளியாற்றல் அழிவதில்லை; பொலிவுப் பட்டைக்கு இடம் மாறுகிறது. மற்றொன்று, இரண்டு டார்ச் விளக்குகளைச் சுவரில் அடித்தால் பட்டைகள் தோன்றுவதில்லை. நிலையான பட்டைகள் தோன்ற, இரு ஒளி அலைகளும் ஒரே அதிர்வெண்ணும் மாறாத கட்டத் தொடர்பும் கொண்டிருக்க வேண்டும்.

நினைவில் நடப்பது

நினைவு என்பது அலை அல்ல. இங்கே நாம் செய்வது ஒப்புமை மட்டுமே. ஆனால், ஒத்தவை மோதும் என்பது நினைவிலும் உண்மையாகிறது. கல்வி உளவியலில் முன்னோக்குத் தடை, பின்னோக்குத் தடை என்று படித்திருப்போம். பழைய கற்றல் புதியதற்கு இடையூறாவது முதல் வகை. அண்ணனுக்குப் பாடம் எடுத்த நாம் தம்பியை அண்ணன் பெயர் சொல்லியே அழைப்பதை நினைத்துக்கொள்ளலாம். புதிய கற்றல் பழையதைத் தடுமாற வைப்பது இரண்டாம் வகை.

1924-இல் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற அமெரிக்க உளவியலாளர்கள், பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்தவர்கள் உடனே தூங்கினால் குறைவாகவும், விழித்திருந்தால் அதிகமாகவும் மறப்பதைக் கண்டனர். காலம் மட்டுமே மறதிக்குக் காரணம் என்றால் இந்த வேறுபாடு வந்திருக்காது. 1931-இல் மெக்ஜியோக், மெக்டொனால்டு இருவரும் செய்த ஆய்வில், இரண்டாவதாகப் படித்த சொற்பட்டியல் முதல் பட்டியலை எவ்வளவு ஒத்திருந்ததோ அவ்வளவு மறதி கூடியது.

தொடக்க வகுப்பில் ண, ன இரண்டும், ர, ற இரண்டும் குழந்தைகளைக் குழப்புவது இதனால்தான். ட, ம போன்ற வேறுபட்ட எழுத்துகளில் அந்தக் குழப்பம் வருவதில்லை.

பச்சைச் சுண்ணக்கட்டியால் 'சிவப்பு' என்று எழுதி, "எழுதிய நிறம் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். நன்றாக வாசிக்கத் தெரிந்த குழந்தையே தடுமாறும். 1935-இல் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் விளக்கிய விளைவு இது. நன்கு பழகிய வாசிப்பே இங்கே குறுக்கே வருகிறது.

செய்தியும் இரைச்சலும்

கிளாட் ஷானன் 1948-இல் வெளியிட்ட தகவல் தொடர்புக் கோட்பாட்டில், அனுப்புநருக்கும் பெறுநருக்கும் நடுவே இரைச்சல் என்ற ஒன்றையும் சேர்த்தார். அதை வெல்லும் வழிகளில் ஒன்று, செய்தியில் தேவைக்கு மேற்பட்ட குறிப்புகளைச் சேர்ப்பது. நாம் சொல்லி, எழுதி, படமும் காட்டுவது அதனால்தான். ஒரே அறையில் இரண்டு வகுப்புகள் நடக்கும் பள்ளியில், பக்கத்து வகுப்பின் வாய்பாடு இந்த வகுப்பின் பாடலுக்கு இரைச்சல். சில நேரம் இரைச்சல் நாமேதான். மாணவர்கள் கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கும்போது நாம் விளக்கமும் சொன்னால், இரண்டில் ஒன்று தவறிப் போகும்.

தலையீடு என்ற சொல்

அரசியலுக்கு வரும்போது தமிழ் சொல்லை மாற்றிக்கொள்கிறது. அங்கே அது தலையீடு. அலைக்கு நோக்கம் இல்லை, தலையிடுபவருக்கு உண்டு. 1954-இல் இந்தியாவும் சீனாவும் ஏற்ற பஞ்சசீலத்தின் மூன்றாம் கொள்கை, ஒருவர் மற்றவரின் உள்நாட்டு விவகாரங்களில் தலையிடாமை. நம் அரசியலமைப்பின் 121-ஆம் பிரிவு, நீதிபதிகளின் பணி சார்ந்த நடத்தையைப் பதவி நீக்கத் தீர்மானத்தின்போது தவிர வேறு எப்போதும் நாடாளுமன்றத்தில் விவாதிக்கக் கூடாது என்கிறது. 122-ஆம் பிரிவு, நடைமுறை முறைகேட்டைக் காரணம் காட்டி நாடாளுமன்ற நடவடிக்கைகளின் செல்லுபடியை நீதிமன்றத்தில் கேள்விக்கு உட்படுத்தக் கூடாது என்கிறது. யாருடைய எல்லை எதுவரை என்பதே அங்கே கேள்வி.

அந்தக் கேள்வி நமக்கும் உரியது. ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் ஏறத்தாழ ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ தம் ஆய்வுகளில் கண்டார். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன. விடை சொல்ல முன்வந்த மாணவர்களும் கூடினர். குழந்தை யோசிக்கும் நேரம் குழந்தையின் எல்லை. அதற்குள் நாம் விடையைச் சொல்லிவிடுவது தலையீடு.

வகுப்பில் செய்தது

அடுத்த வாரம் அந்த வகுப்பில் பாடத்தை மீண்டும் முதலிலிருந்து நடத்தவில்லை. ஒரு மேசையைக் காட்டி, விளிம்பைச் சுற்றிக் கயிறு கட்டச் சொன்னேன். பிறகு அதன் மேற்பரப்பைச் சதுர அட்டைகளால் நிரப்பச் சொன்னேன். "கயிறா, அட்டையா?" என்று கேட்டுவிட்டே ஒவ்வொரு கணக்கையும் தொடங்கினோம். இரண்டு வகைக் கணக்குகளையும் கலந்து கொடுத்தேன். ஒத்த கருத்துகளில் ஒன்று ஊன்றிய பின் மற்றொன்றைத் தொடங்குவது, பின்னர் வேறுபாட்டையே ஒரு பாடமாக நடத்துவது என்று இப்போது வழக்கப்படுத்திக்கொண்டேன்.

அந்த மாணவனிடம், "நீ இரண்டையும் படித்திருந்தாய், நான்தான் கவனிக்கவில்லை" என்று வகுப்பிலேயே சொன்னேன். கடிந்ததும் அங்கேதானே!

தவறான விடையைப் பார்த்ததும் "ஏன் மறந்தாய்?" என்று கேட்பது நமக்குப் பழகிப்போனது. அதற்கு முன் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, "இங்கே குறுக்கே வந்தது எது?" என்பது.