பசி கூடியது, எடை குறைந்தது

திருவனந்தபுரம் கரமனையில் உள்ள எங்கள் வீட்டில் 13 ஆண்டுகளாக வாழ்ந்து வரும் பூனை மணி. சென்ற ஆண்டு அது வழக்கத்தைவிட மிகுதியாக உண்டது. ஆயினும் மெலிந்துகொண்டே வந்தது. இரவில் உரத்துக் கத்தியது. "வயசாயிடுச்சு, வேறென்ன?" என்றார் அம்மா. நானும் அவ்வாறே எண்ணினேன். வரவு கூடியும் இருப்பு குறைந்தால் கணக்கை ஆராய வேண்டும் என்று பிறருக்குச் சொல்லும் எனக்கு, அது தோன்ற மூன்று மாதங்கள் ஆயின. அதற்குள் நான்கரைக் கிலோ எடை மூன்றேகால் ஆகியிருந்தது.

கால்நடை மருத்துவர் கழுத்தைத் தடவிப் பார்த்து, இரத்தப் பரிசோதனை செய்தார். தைராய்டு சுரப்பி மிகையாக இயங்குவதே காரணம். உண்ட உணவை உடல் விரைந்து எரித்துவிடுகிறது. இதயமும் அளவுக்கு மீறி உழைக்கிறது. பூனைகளிடம் இந்நோய் 1979இல் நியூயார்க்கில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. பெரும்பாலும் பத்து வயதைக் கடந்த பூனைகளையே தாக்குகிறது.

சிகிச்சை நான்கு வகை. மெதிமசோல் அல்லது கார்பிமசோல் மாத்திரை சுரப்பைக் கட்டுப்படுத்தும். ஆனால் ஆயுள் முழுவதும் தர வேண்டும். அறுவை சிகிச்சையால் குணமாகலாம். முதிய பூனைக்கு மயக்க மருந்து சற்று ஆபத்தானது. கதிரியக்க அயோடின் ஊசி பெரும்பாலான பூனைகளை ஒரே முறையில் குணப்படுத்தும். அதற்குத் தனி வசதியும், சில நாள்கள் தனிமையும் தேவை. அயோடின் குறைந்த உணவு நான்காவது வழி. அதை மட்டுமே உண்ண வேண்டும். மீன்காரப் பெண்மணி தரும் மத்தித் தலையை மணி விட்டுக்கொடுக்காது என்பதால் மாத்திரையைத் தேர்ந்தோம்.

மனிதர்களுக்கான அதே மருந்துதானே என்று நாமே அளவு தீர்மானிக்கக் கூடாது. வாந்தி, முகத்தில் அரிப்பு, சோர்வு தோன்றினால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தைராய்டு மிகையாக இயங்கும்போது சிறுநீரகக் கோளாறு வெளியே தெரியாமல் இருக்கக்கூடும். சிகிச்சை தொடங்கியபின் அது வெளிப்படலாம். ஆகவே சில வாரங்களில் மறு பரிசோதனை இன்றியமையாதது. கர்ப்பிணிகள் மாத்திரையைக் கையுறையின்றித் தொடலாகாது.

மாத்திரையைவிடப் பரிசோதனைகளுக்கே எங்களுக்குச் செலவு அதிகம். அதற்கென மாதந்தோறும் ஒரு சிறு தொகையைத் தொடர் வைப்பில் சேர்க்கிறேன். மணி இப்போது நான்கு கிலோ. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறன்று அதை நிறுத்துக் குறித்து வைப்பவர் அம்மாதான். உங்கள் வீட்டிலும் முதிய பூனை இருந்தால், இன்றே ஒருமுறை எடை பாருங்கள்.